அழிந்துபோனதாகச் சொல்லப்பட்டவை

தொடாதே என்று சொன்னால் தொடாமல் இருந்துவிட வேண்டுமா, அதுவும் தப்பான காரியத்துக்கு நாள் குறித்துவிட்டு, அது நடக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திரு என்றால்... இசைவாணி பொத்தானை அழுத்திவிட்டாள். அழுத்திய விரலை உடனே எடுக்கத் தோன்றவில்லை, எடுத்தால் வேறு யாரோ அழுத்தியதாக ஆகிவிடும் என்பதுபோல அங்கேயே வைத்திருந்தாள். திரையின் அடியில் ஒரு மெல்லிய நீலக்கோடு இடப்பக்கத்திலிருந்து கிளம்பியது, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத நகர்வு. கீழ்த்தளத்தில் ஆப்செட் மெஷின் ஓடுகிற அதிர்வு தரை வழியாக நாற்காலிக் காலில் ஏறி அவள் முதுகுக்கு வந்தது. ஆடி மாதம் வந்துவிட்டால் அந்த மெஷினுக்கு ஓய்வே கிடையாது, அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாகிற நேரம், மையின் வாடை மாடிப்படி ஏறி இந்த ஏசி அறைக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கும். கீழே அச்சகம் அய்யாதுரை முதலாளியுடையது, மேலே இந்தச் சாப்ட்வேர் கம்பெனி அவர் மகன் மணிகண்டராஜுடையது. மகன்தான் சற்று முன்னால் இந்த நாற்காலிக்குப் பின்னால் நின்று, இனி இந்தச் சர்வரில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு அப்பாவைப் பார்க்கக் கீழே போனார். போனவருடைய செருப்புச் சத்தம் கடைசிப் படியில் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள், பயந்து அல்ல, அவர் முன்னால் மீறினால் அவர் கத்துவார், கத்தினால் இவளும் கத்துவாள், கத்துகிற நேரத்தில் வேலை நடக்காது, அதற்காக. நீலக்கோடு ஒரு நூல் அளவு நகர்ந்தது. நகரட்டும். வேலையை விட்டு அனுப்பினால் அனுப்பட்டும், கோடு முடிகிறவரை இந்த நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இல்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள்ளேயே போன் வர ஆரம்பித்துவிட்டது. சாத்தூரில் ஒரு பட்டாசுக் கடை, பிறகு விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி, பிறகு யார் யாரோ, எல்லோரும் சொன்னது ஒன்றுதான், பில் போடும் திரை திறக்கவில்லை, ஏதோ கிடைக்கவில்லை கிடைக்கவில்லை என்று வருகிறது. தீபாவளி ஆர்டர் பிடிக்கிற சீசன் தொடங்கும் நேரம், கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா... ஆபீசுக்கு வந்து பையைக்கூடக் கழற்றாமல் ரெப்போவைத் திறந்தாள். ரெப்போ என்பது அவர்கள் பாஷையில் ஒரு கிடங்கு, எழுதி முடித்த மென்பொருளை வெர்ஷன் வாரியாகப் பேக்கேஜ் கட்டி அடுக்கி வைக்கிற இடம். கடைகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் திறந்தவுடன் இந்தக் கிடங்கைத் தட்டி, என் வெர்ஷன் இருக்கிறதா, அதைவிடப் புதிது ஏதும் வந்திருக்கிறதா என்று கேட்கும். அதற்குப் பதில் சொல்வது கிடங்கு அல்ல, இன்டெக்ஸ், எந்தப் பேக்கேஜ் எந்த அடுக்கில் இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை. அவள் தேடும் கட்டத்தில் பெயரை அடித்தாள், ஒன்றும் இல்லை. வேறு பெயர், ஒன்றும் இல்லை. அவளும் முன்பு இங்கே கூட வேலை பார்த்த பிரபாகரனும் சேர்ந்து முதன்முதலாகக் கட்டி ஏற்றிய பேக்கேஜின் பெயரை அடித்தாள், அதுவும் இல்லை. உண்மைதான், அந்த நேரத்தில் பயம் இருந்தது, இல்லை என்று இப்போது சொல்ல முடியாது. அப்போதுதான் மணிகண்டராஜ் பின்னால் வந்து நின்று, "நேத்து சாயந்தரம் க்ளீனப் போட்டது நீதான?" என்றார். ஆமாம் என்றாள். பழைய சோதனைப் பேக்கேஜ்களைக் கழித்துவிடும் விதியை எழுதியது அவள்தான், நேற்றுச் சாயங்காலம் ஓடவிட்டதும் அவள்தான். "அப்பம் நீதான் எல்லாத்தையும் அழிச்சிருக்க." கேள்வியாகக்கூட இல்லை. சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துச் சென்னைக்குப் பேசப் போய்விட்டார். அப்பம் நீதான்... அந்த அப்பம், அந்த அப்படியென்றால், எங்கிருந்து வந்தது, நேற்று நீ இங்கே இருந்தாய், இன்று இது இங்கே இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு அப்பம் போட்டால் முடிந்ததா.

சென்னையில் இருப்பவர் ஹரிஷ்குமார், இந்தச் சர்வரை முதலில் நிறுவித் தந்தவர், பல கம்பெனிகளுக்கு இதே வேலை பார்ப்பவர், அவரும் அவசரத்தில் இருந்திருப்பார். எல்லாம் போய்விட்டது போலிருக்கிறது, கிடங்கை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள், மதியத்துக்கு மேல் நான் இங்கிருந்தே சர்வருக்குள் வந்து செய்து தருகிறேன், அவரவர் லேப்டாப்பில் இருக்கும் கடைசி வெர்ஷனை ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னதாக மணிகண்டராஜ் வந்து சொன்னார். துடைப்பதா... கடைசி வெர்ஷனை ஏற்றலாம், அதற்கு முந்தையதை எங்கிருந்து ஏற்றுவது? ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு வெர்ஷனில் நிற்கிறது, பழைய கம்ப்யூட்டரில் புதியது ஓடாது, துடைத்தால் அந்தக் கடைகள் எல்லாம் அநாதையாக நிற்கும். அவள் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, சர்வரின் உள்ளே இறங்கிக் கிடங்கின் அடித்தட்டைத் திறந்து காட்டினாள், கோப்புகள் மூட்டை மூட்டையாக அப்படியே இருந்தன, மனிதர் படிக்க முடியாத பெயர்களோடு, ஆனால் இருந்தன. அழிந்திருந்தால் இடம் காலியாகியிருக்க வேண்டும், டிஸ்க்கோ நிரம்பி வழிகிறது, பாருங்க சார். அவர் பார்க்கவில்லை. தேடினால் வராதது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றார். அந்த வார்த்தைதான் அவளைக் கிளப்பிவிட்டது என்று நினைக்கிறாள். பேக்கேஜ்கள் இருக்கின்றன, அட்டவணைதான் கெட்டிருக்கிறது, அட்டவணையைத் திரும்பக் கட்டினால் போதும், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. தொடாதே என்றார். அவர் கீழே போனதும் டிஸ்க்கை நிரப்பியது எது என்று பார்த்தாள், இந்த வருடத்துப் புதுச் சரக்கு வெடித்துக் காட்டும் வீடியோக்கள், வானத்தில் விரியும் பூக்கள், ஒவ்வொன்றும் மலை மாதிரிக் கனம். முதலாளியின் சின்ன மகன் தருண்குமார் கேட்லாக்குக்காக எடுத்தவை, நேற்றுச் சாயங்காலம்தான் யாரையும் கேட்காமல் இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறான். இடம் தீர்ந்தால் அட்டவணை எழுதுகிறவன் என்ன செய்வான், பாதி எழுத்தில் பேனாவை வைத்துவிட்டுப் போவான். வீடியோக்களை ஒன்றுவிடாமல் வெளி டிஸ்க்குக்கு மாற்றினாள், அழிக்கவில்லை, மாற்றினாள், பிறகு யாரும் அவளைச் சொல்லிவிடக் கூடாதே... மாற்றிவிட்டுத்தான் அழுத்தினாள்.

கோடு கால்வாசி வந்திருந்தது. ஜன்னல் கண்ணாடியை ஆடிக்காற்று தட்டிக்கொண்டே இருந்தது, எதிர்க் கட்டடத்து மொட்டைமாடியில் அச்சடித்த அட்டைகளைக் காயவைத்து அதன்மேல் செங்கல் வைத்திருந்தார்கள். காத்திருப்பதைப் போலக் கெட்டது வேறு இல்லை, கை சும்மா இருந்தால் தலை எங்கேயாவது போய்விடுகிறது, அதுவும் இன்றைக்குப் போகும் இடம் தெரிந்ததுதான். அப்பம் நீதான். அம்மாவின் தங்கை பேச்சித்தாய், சித்தி, தாயில்பட்டிப் பக்கத்துப் பட்டாசு யூனிட்டில் வெடிமருந்து செலுத்துகிற வேலை, அம்மா முருகம்மாளும் அங்கேதான், வேறு அறை. அன்றைக்குச் சத்தம் கேட்டபோது இசைவாணி பள்ளிக்கூடத்தில் கணக்கு வகுப்பில் இருந்தாள், சத்தம் வந்தவுடன் வகுப்பில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், டீச்சர் உட்காரச் சொல்லவில்லை, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சருக்குத் தெரியும் சொல்லக் கூடாதென்று. ஓடினாள். சித்தி இருந்த அறை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விசாரிக்க வந்தவர்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, போர்மேன் காசிராஜன்தான் எல்லாவற்றையும் சொன்னார், பேச்சித்தாய் கைதவறி மருந்தைக் கீழே போட்டுவிட்டாள், அவளுக்கு எப்போதுமே கவனம் போதாது என்று. அந்த அறையில் நாலு பேர் இருக்கவேண்டிய இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, வெயிலில் காயவேண்டியதைச் சீசன் அவசரத்தில் உள்ளேயே அடுக்கியிருந்ததைச் சொல்லவில்லை. செத்தவள் வந்து பேசவா போகிறாள். வந்தவர்களில் ஒருவர் அம்மாவைப் பார்த்து, நீதானே அக்கா, இவர் சொல்வது சரிதானா என்று கேட்டார். அம்மா தலையாட்டினாள். "ஆமாங்கய்யா." ஆட்டிய தலையில் சத்தம் கேட்ட அன்று காலையில் வைத்த பூ காய்ந்து இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது, யாரும் எடுத்துவிடவில்லை. யூனிபார்மோடு நின்றிருந்த இசைவாணி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள், அம்மா திரும்பவில்லை. வீட்டுக்கு வந்து, ஏன் அப்படிச் சொன்னாய், சித்தி கைதவறினாள் என்று உனக்கு எப்படித் தெரியும், நீ பார்த்தாயா என்று கேட்டதற்கு, "நாளைக்கும் அங்கனதான் வேலைக்குப் போகணும்" என்றாள், அவ்வளவுதான், அதற்குமேல் இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது. சித்தி கைதவறவில்லை. இசைவாணிக்கு அது தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, ஆனால் தெரியும், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் படித்தாள், என்ஜினியரிங் முடித்தாள், ஆமாங்கய்யா என்ற வார்த்தை மட்டும் தன் வாயிலிருந்து வராது என்று...

செருப்புச் சத்தம் படியேறி வந்தது. மணிகண்டராஜ் கையில் இரண்டு டீ, ஒன்று அவளுக்கு, அதுதான் அவரிடத்தில் கஷ்டம், கெட்ட மனிதர் என்று ஒரேயடியாக ஒதுக்கிவிட முடியாது. டீயை மேசையில் வைக்கும்போது திரையைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது. தொடாதே என்றேனே, இது என்ன என்றார். இன்டெக்ஸைத் திரும்பக் கட்டுகிறேன் என்றாள். நிறுத்து என்றார். நடுவில் நிறுத்தினால் இருக்கிறதும் போகும் என்றாள், அது முழு உண்மை இல்லை, நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம், ஆனால் நிறுத்தினால் மறுபடி தொடங்க விடமாட்டார். ஹரிஷ் மதியம் உள்ளே வருகிறார், அதற்குள் நீ எதையாவது செய்து இருக்கிற கொஞ்சத்தையும் கெடுத்துவிட்டால் அப்பாவுக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் கழுத்து வேர்த்திருந்தது, கீழே அய்யாதுரை முதலாளி சும்மா விட்டிருக்கமாட்டார், அச்சகத்தில் போட்ட பணத்தை இந்த மாடி தின்கிறது என்று வருடா வருடம் சொல்கிறவர் அவர். பாவம்தான். பாவமாக இருந்தால் அதற்காக நான் ஏன் அழித்தவள் ஆகவேண்டும்? அவள் நாற்காலியைத் திருப்பி அவரை நேராகப் பார்த்தாள். "சார், நான் எதையும் அழிக்கல. அழிச்சேன்னு நீங்க சொல்லுதீக, அழிக்கலன்னு இது சொல்லும். முடியட்டும்." முடிந்து ஒன்றும் வரவில்லை என்றால், என்று அவர் இழுத்தார். "வரலைன்னா திங்கக்கெழம நான் வரல. நீங்க சொல்லவேண்டாம்." அவர் டீயைக் குடிக்காமல் ஜன்னல் ஓரம் போய் நின்றார். இவள் தன் டீயை எடுத்துக் குடித்தாள், சூடு நாக்கைச் சுட்டது, சுட்டதைக் காட்டிக்கொள்ளவில்லை.

கோடு நின்றது. முதலில் நகர்கிறது என்றுதான் நினைத்தாள், கண்ணைச் சிமிட்டிப் பார்த்தாள், நிற்கிறது. பாதியைத் தாண்டிய இடத்தில் அப்படியே. சர்வர் எழுதும் குறிப்புகளைத் திறந்தாள், ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது, படிக்க முடியவில்லை, படிக்க முடியவில்லை... ஜன்னல் ஓரத்தில் நின்றவர் என்ன ஆச்சு என்றார். இருங்க சார் என்றாள். அந்த நேரம் பார்த்துப் போன் அதிர்ந்தது, அம்மா. எடுக்காமல் விட்டிருக்கலாம், எடுத்தாள், ஏன் எடுத்தாள்... "சாப்பிட்டியா தாயி?" பின்னால் பெண்கள் பேச்சும் தகரத் தட்டுகள் வைக்கிற சத்தமும், அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம், மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். இன்னும் இல்லை என்றாள். குரல் ஒரு மாதிரி இருக்கிறதே என்றாள் அம்மா. வேலை என்றாள். வேலையில் ஏதும் சொல்லிவிட்டார்களா என்று கேட்டாள் அம்மா, அவளுக்கு எப்போதும் முதலில் வருகிற பயம் அதுதான், ஏதும் சொல்லிவிட்டார்களா. "சொன்னா சொல்லட்டும்மா" என்று இவள் சொன்னது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, ஜன்னல் ஓரம் திரும்பிப் பார்த்தது. அம்மா, ரொம்பப் பேசிவிடாதே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ரொம்பப் பேசிவிடாதே. பேசாமல் இருந்து என்ன கிடைத்தது உனக்கு, தங்கை கிடைத்தாளா, அவள் பெயராவது கிடைத்ததா... இவள் மறுபடி திரைக்கு வந்தாள், அந்த ஒரு பெயரை உற்றுப் பார்த்தாள், எங்கோ பார்த்த பெயர். நேற்றுச் சாயங்காலம் ஏற்றிய புது ரேட் வெர்ஷன்! ஏறிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்திருக்கிறது, பாதிப் பேக்கேஜ், வாய் கட்டாத மூட்டை, அட்டவணை எழுதுகிறவன் அதைத் தூக்கப்போய்த் தூக்கப்போய் அங்கேயே நிற்கிறான். அது போனாலும் நஷ்டமில்லை, அதன் மூல நிரல் அவள் லேப்டாப்பில் இருக்கிறது, திரும்பக் கட்டிவிடலாம். ஆனால் அதை விலக்கினால் மறுபடி முதலிலிருந்து ஓடவேண்டும், முதலிலிருந்து ஓடினால் அவர் பார்ப்பார். பார்க்கட்டும். விலக்கி ஓரத்தில் வைத்தாள். பொத்தானை மறுபடி அழுத்தினாள், அவருக்குத் தெரிகிறமாதிரியே அழுத்தினாள். கோடு இடப்பக்கத்துக்கு ஓடிப்போய் மறுபடி தவழ ஆரம்பித்தது. மணிகண்டராஜ் அதைப் பார்த்துவிட்டு ஆறிப்போன தன் டீயை எடுத்துக் குடித்தார். கீழே மெஷினை நிறுத்திவிட்டார்கள், சாப்பாட்டு நேரம், கட்டடமே மூச்சை நிறுத்தியது போலிருந்தது.

கோடு வலப்பக்கச் சுவரைத் தொட்டபோது சத்தம் ஒன்றும் வரவில்லை, ஏதாவது வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள் போலிருக்கிறது. தேடும் கட்டத்தில் அவளும் பிரபாகரனும் சேர்ந்து ஏற்றிய அந்த முதல் பேக்கேஜின் பெயரை அடித்தாள். வந்தது. அடுத்தது, வந்தது. சாத்தூர்க் கடை வெர்ஷன், மண்டி வெர்ஷன், ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன, எங்கேயும் போகவில்லை, இருந்த இடத்தில்தான் இருந்திருக்கின்றன, கூப்பிடத் தெரிந்த ஆள் கூப்பிட்டதும் வந்துவிட்டன. மணிகண்டராஜ் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தார், நல்லாருக்கு நல்லாருக்கு என்று இரண்டு தரம் சொன்னார், உடனே சாத்தூருக்குப் போன் போட்டார், அங்கே திரை திறந்துவிட்டது, சிரித்தார். புது ரேட் வெர்ஷனையும் அவள் மறுபடி கட்டி ஏற்றிவிட்டாள், இந்தத் தடவை முழுசாக ஏறியது. அவள் காத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியும், ஒரே ஒரு வார்த்தைக்கு, காலையில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற ஒரு வார்த்தைக்கு. அது வரவில்லை. வேறொன்று வந்தது. என்ன நடந்தது என்று அப்பா எழுதிக் கேட்கிறார், கடைக்காரர்களுக்கும் அனுப்பவேண்டும் என்றார். தருண் வீடியோவைக் கொட்டியதால் டிஸ்க் நிரம்பி இன்டெக்ஸ் கெட்டது, அதைத்தான் எழுதவேண்டும் என்றாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார், இதுவரை உட்கார்ந்ததில்லை. தருண் பேரை எழுதினால் அப்பா அவனைக் கடித்துக் குதறிவிடுவார், அவனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்றார். பிறகு குரலை இறக்கி, "பிரபாகரன் செட்டிங் சரியா வைக்கலன்னு போட்டுருவோம். அவன்தான் இப்பம் இங்க இல்லயே. உன் பேரும் வராது" என்றார்.

அவன்தான் இங்கே இல்லையே... பிரபாகரன் அச்சங்குளத்துக்காரன், போன மாதம்தான் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்துப் போனான், போகிற அன்று எல்லோருக்கும் சேவும் காப்பியும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான், அவன் அம்மாவும் பட்டாசு வேலைக்குத்தான் போகிறாள். இங்கே இல்லாதவன். இல்லாதவர்கள்மேல் எவ்வளவு சுலபமாக ஏற்றிவிடலாம், திரும்பிக் கேட்க ஆள் இல்லை, நாற்காலி காலி. மணிகண்டராஜ் அவள் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஆடுமா என்று. உன் பேரும் வராது என்று அவர் கொடுத்தது ஒரு பரிசு, அவருக்கு உண்மையாகவே அப்படித்தான் பட்டிருக்கும். அவள் தலை ஆடவில்லை. "மாட்டேன் சார். அவன் பேரப் போட்டு என் கை எழுதாது. நீங்களே எழுதினாலும் அப்படி இல்லன்னு பெரியவர்ட்ட வந்து சொல்லுவேன்." மணிகண்டராஜ் அவளைப் பார்த்தார், கோபமா ஆச்சரியமா என்று பிரித்துச் சொல்ல முடியாத பார்வை, உனக்கு என்னம்மா வந்தது இதில் என்றார். என்ன வந்தது என்று இவருக்கு எப்படிச் சொல்வது, வேப்பமரத்தடியை, காய்ந்த பூவை... திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் எழுந்தார். நடந்ததை நடந்தபடி எழுது, பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார், பார்ப்போம் என்றதற்கு எத்தனையோ அர்த்தம் உண்டு, எதுவானாலும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கீழே மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. அவள் உடம்பு முழுக்க லேசாக இருந்தது, ஒரு பெரிய ஆளைத் தள்ளி நிறுத்திவிட்ட மாதிரி, யாராவது இப்போது வந்து கேட்டால் இன்னும் பேசுவாள்.

எழுத ஆரம்பித்தாள். டிஸ்க் நிரம்பியது, இன்டெக்ஸ் கெட்டது, பேக்கேஜ் எதுவும் அழியவில்லை... அந்த வரியில் கை நின்றது, எழுதுகிறோமே, ஒருதரம் எல்லாக் கடையையும் சரிபார்த்துவிட்டு எழுதுவோம் என்று ஒவ்வொரு கடையின் வெர்ஷனையும் தேடிப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசி ஒன்றுவரை எல்லாம் வந்தன. மல்லாங்கிணற்றில் கருப்பணன் என்பவருடைய விதை, உரக் கடை, கம்பெனியின் மிகப் பழைய வாடிக்கை, பழைய கம்ப்யூட்டர், அதற்கென்றே வைத்திருந்த பழைய வெர்ஷன். அது வரவில்லை. எழுத்துப் பிழை என்று மறுபடி அடித்தாள், வரவில்லை. அடித்தட்டில் தேடினாள், அங்கேயும் இல்லை. குறிப்புகளைப் பின்னோக்கி நேற்றுச் சாயங்காலம் வரை இழுத்துக்கொண்டு போனாள், இருந்தது, ஒரே வரி, நீண்ட காலம் யாரும் கேட்டு வராத பேக்கேஜ், நீக்கப்பட்டது. நீக்கியது அவளுடைய விதி. கேட்டு வராததெல்லாம் சோதனைச் சரக்கு, வேண்டாதது என்று எழுதியிருந்தாள், உழவு மழைக்குக் காத்திருக்கிற ஊரில் மழை வருகிறவரை அந்தக் கடைக்காரர் கம்ப்யூட்டரையே திறந்திருக்கமாட்டார் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அப்பம் நீதான். ஒன்றே ஒன்று, ஆனால் இவள்தான். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கப்போவதுமில்லை, மூலத்தைத் தேடி எடுத்து ஒரு நாள் உட்கார்ந்தால் சத்தமில்லாமல் திரும்பக் கட்டி வைத்துவிடலாம். காலையிலிருந்து எத்தனை தரம் சொன்னாள், நான் எதையும் அழிக்கல, அழிக்கல... முகம் சுட்டது. பிறகு, பேக்கேஜ் எதுவும் அழியவில்லை என்ற வரியை எடுத்துவிட்டு, மல்லாங்கிணறு வெர்ஷன் அழிந்தது, காரணம் நான் எழுதிய விதி, இசைவாணி, என்று அடித்தாள். அடிக்கும்போது தலை குனியவில்லை. ஆமாம், இது என் கை, அதனால் காலையில் என்னைச் சொன்னது சரியாகிவிடுமா, டிஸ்க்கை நான் நிரப்பினேனா, கிடங்கைத் துடைக்கச் சொன்னது நானா? இது என்னுடையது, அது என்னுடையது அல்ல, இரண்டையும் தனித்தனியாகத்தான் வைக்கவேண்டும், ஒன்றைக் காட்டி இன்னொன்றையும் என் தலையில் கட்ட விடமாட்டேன் என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டே அடித்துக்கொண்டு போனவள் சட்டென்று நின்றாள். சித்தி... சித்தியின் கை தவறியிருந்தால்? இத்தனை வருடத்தில் ஒருநாளும் அந்தப் பக்கம் போனதில்லை, போகவிட்டதில்லை, தவறவில்லை தவறவில்லை என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அந்தப் புழுக்கத்தில், அத்தனை பேர் நெருக்கத்தில், உள்ளேயே அடுக்கிய சரக்குக்கு நடுவில் ஒரு கை தவறாமல் இருக்குமா, தவறியிருக்கலாம், அம்மா அன்றைக்குச் சொன்னது பொய் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால்தான் என்ன, அந்த அறையை அப்படி அடைத்தது சித்தியா... இதைச் சொல்லத்தானே வேண்டியிருந்தது, அன்றைக்கே, சேலையைப் பிடித்து இழுத்தபோதே, கை தவறியிருந்தாலும் நீ தலையாட்டியிருக்கக் கூடாது அம்மா என்று. சித்தி ஒரு குற்றமும் இல்லாதவளாக இருந்தால்தான் அவளுக்காகக் கோபப்பட முடியும் என்று யார் இவளுக்குச் சொல்லித் தந்தார்கள்? அம்மாவா, காசிராஜனா, தானாகவே கற்றுக்கொண்டாளா... திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது, கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.